மக்காச்சோளக் காட்டின் மேல் ஒரு பட்டம்

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் சிவகாசி பஸ்ஸின் நடத்துநர் என்னை ஏற விடவில்லை. என் தோளில் தொங்கிய நீளக் குழாயைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா?" என்றார்.

"பட்டம்" என்றேன்.

என் நரைத்த கிராப்பையும் முதுகுப் பையையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். "பட்டமா, ராக்கெட்டா? பட்டாசு பஸ்ல ஏத்தக் கூடாது. அதுவும் எல்லாரும் சிவகாசியில இருந்து வாங்கிட்டுப் போவாக, நீங்க சிவகாசிக்கே கொண்டு போறீகளே."

பக்கத்தில் நின்ற என் தோழி செசிலி உதவிக்கு வராமல் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் பஸ் ஸ்டாண்டிலேயே குழாயைத் திறந்து, வெள்ளைத் துணியையும் குச்சிகளையும் எடுத்து விரித்துக் காட்டினேன். ஓர் ஆள் படுத்துறங்கும் அளவுக்கு இருந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. பூக்கூடையோடு நின்ற பெண் ஒருவர், "பட்டந்தேன். இந்த வயசுல அவுகளுக்கு ஆச, விடுங்களேன்" என்று சிபாரிசு செய்த பிறகுதான் எங்களுக்கு டிக்கெட் கிடைத்தது. கடல் தாண்டி வருகையில் விமான நிலையத்தில் அந்தக் குழாயை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

என் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊரில், விமானத்திலிருந்து எடுத்த நிலப் படங்களைப் பார்ப்பதுதான் இத்தனை வருடமாக என் வேலை. பல நூறு வருடங்களுக்கு முன் உழுதவர்கள் போட்ட வரப்புகளும், மாடு அடைத்த பட்டிகளும், ஊரைச் சுற்றி வெட்டிய அகழியும் தரையில் நின்றால் தெரியாது. மேலேயிருந்து பார்த்தால் தெரியும். மண்ணுக்கடியில் பழைய பள்ளம் தூர்ந்து கிடந்தால் அங்கே ஈரம் அதிகம் நிற்கும், பயிர் செழித்துக் கரும்பச்சையாக இருக்கும். அடியில் கல் இருந்தால் வேர் இறங்காது, பயிர் குட்டையாகி வெளுத்துவிடும். அந்தப் பச்சையையும் வெளுப்பையும் வைத்துக் கோடு இழுத்துச் சம்பளம் வாங்குகிறேன். திருச்சியில் இருக்கும் என் அண்ணன் இன்றுவரை இதை ஒரு வேலையாக ஒப்புக்கொண்டதில்லை.

செசிலி அந்த ஊர் மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பதினோரு வருடம் வாடகைக்கு இருந்தோம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு புல்வெளி. உறைபனி விழுந்த காலையில் அதில் பழைய உழவுத் தடங்கள் வரிவரியாக வெள்ளைக் கோடுகளாய் எழுந்து நிற்கும். செசிலி இரவு டியூட்டி முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், தட்டில் ரசஞ்சோற்றைப் போட்டுக்கொண்டு அந்த ஜன்னல் ஓரம் உட்காருவாள். மேஜையில் என் படங்கள் பரப்பிக் கிடக்கும்.

"இது என்ன கோடுக்கா?"

"எழுநூறு வருஷத்துக்கு முந்தின வரப்பு."

"ஆளு போயிட்டாக, வரப்பு போகலையாக்கும்" என்பாள். பிறகு சாப்பிட ஆரம்பிப்பாள். இதைப் பல காலையில் பேசியிருப்போம். அந்த வீட்டில் சுகமாகப் பேசிக்கொள்ள வேறு எவ்வளவோ இருந்தும், எனக்கு ஞாபகம் இருப்பது இதுதான்.

ஒரு நாள் தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள். "அக்கா, ஒரு கட்டடம் வெடிச்சுப் போயி, அதுக்கப்புறம் தரை மட்டமாக்கிட்டாகன்னா, அந்த எடம் மேலேர்ந்து தெரியுமா?"

அவளுடைய அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. செசிலிக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு விபத்து. அம்மா இருந்த அறையில் இருந்த பெண்களில் யார் எவர் என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லாரையும் சேர்த்து, அடையாளக் கல்கூட இல்லாமல் அவசரமாக அடக்கிவிட்டார்கள். கம்பெனியை மூடி, மிச்சச் சுவர்களையும் இடித்து, நிலம் கைமாறிவிட்டது. சாத்தூரில் இருந்த சித்திதான் செசிலியை வளர்த்தார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று எல்லாரும் தங்கள் வீட்டுக் கல்லறைக்குப் போய்ப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கல்லறை இல்லாதவர்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் காலடியில் ஏற்றுவார்கள். செசிலி அத்தனை வருடமும் நடுச் சிலுவையில்தான் ஏற்றினாள். "பொதுவுல நிக்க மாதிரி இருக்குக்கா. எங்கம்மாவுக்குன்னு ஒரு எடத்துல ஒருக்க நிக்கணும்" என்றாள்.

அவள் வேலையை விட்டு விருதுநகருக்கே திரும்பி வந்தபின் இந்தப் புரட்டாசியில் போன் செய்தாள். அந்த நிலம் சூரிய மின்சாரக் கம்பெனிக்குப் போகப் போகிறதாம். இந்த மக்காச்சோள வெள்ளாமை எடுத்ததும் ஜேசிபி வைத்துச் சமப்படுத்திவிடுவார்களாம். "இப்ப வரலைன்னா இனி ஒண்ணும் தெரியாதுக்கா." நான் லீவு எழுதிக் கொடுத்தேன். பழைய வரப்புகளையும் பார்க்கலாமே என்ற சொந்த ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

வந்த முதல் நாள் எண்ணெய் பரோட்டாவில் போனது. பரோட்டாவை எண்ணெயில் முக்கி முறுகப் பொரித்து, அதன் தலையில் சால்னாவை ஊற்றிக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த உணவுக் குறிப்பை நினைத்துக்கொண்டே நான்கு சாப்பிட்டேன். செசிலி நர்ஸ் என்ற முறையில் முறைத்துவிட்டு, தனக்கும் இன்னொன்று சொன்னாள்.

மறுநாள்தான் மேலே சொன்ன பஸ். தீபாவளி முடிந்துவிட்டதால் வழியெங்கும் கம்பெனிகளின் கேட்டுகள் பூட்டிக் கிடந்தன. வேப்பமரங்களுக்கு நடுவே வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நின்றன. முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "உங்க கம்பெனி எப்பத் தொறக்காகளாம்?" "ஆர்டர் வந்தாத்தானே தொறப்பாக. அதுவரைக்கும் களை எடுக்கப் போறேன்." பட்டாசுக்காரர்களுக்கு இது ஓய்வுக் காலம், ஆகாயத்துக்கும் அப்படித்தான்.

சிவகாசியிலிருந்து ஆட்டோவில் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் போனோம். எந்த ஊர் என்று எழுத வேண்டாமென்று செசிலி கேட்டுக்கொண்டாள். கரிசல் காடு, முழங்கால் உயரத்துக்கு மக்காச்சோளம், ஓரமாகச் சீமைக்கருவேல். "இந்தக் காட்டுல எங்கனயோதேன்" என்று கையை வீசிக் காட்டினாள். அவள் கை காட்டிய இடத்தில் ஒரு திருவிழாவே நடத்தலாம், அத்தனை பெரிய காடு.

ட்ரோனை இந்தப் பக்கம் பறக்கவிட எத்தனை அலுவலகம் ஏற வேண்டும் என்று விசாரித்ததிலேயே எனக்குக் களைத்துவிட்டது. அதனால்தான் பட்டம். நூலில் ஒரு சின்னத் தொட்டில் கட்டி, அதில் காமிராவைத் தொங்கவிட்டால் அது பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். படத்தில் பார்த்ததைத் தரையில் அளந்து கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்காகச் செசிலி வீட்டுத் தலையணை உறைகளைக் கொண்டுவந்து வரப்பு மூலைகளில் கல் வைத்து விரித்தோம். மேலேயிருந்து அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

காற்று நன்றாக இருந்தது. பட்டம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்த ஊரில் ஏதோ மாறுவது தெரிந்தது. முற்றங்களில் நீலத் தார்ப்பாயில் என்னவோ காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். இப்போது ஒரு தார்ப்பாயும் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. கோழிகள் மட்டும் நடமாடின. சீசன் முடிந்தாலும் சில வீடுகளில் அனுமதியில்லாமல் நடக்கும் பட்டாசு வேலை முடிவதில்லை. வானத்தில் காமிரா வந்தால் அது ஆபீசர் என்பது இந்தப் பக்கத்துக் கணக்கு. எழுநூறு வருடத்து ஊரைத் தேடப் போய் இருக்கிற ஊரைக் காலி செய்துவிட்டேன்.

ஸ்கூட்டரில் ஒருவர் விரைந்து வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, அறுபது வயதிருக்கும். நிலத்துச் சொந்தக்காரர் பீர் முகமது. சிவகாசியில் பேப்பர் கடை வைத்திருக்கிறார்.

"எந்த ஆபீசு நீங்க? வெடிமருந்து ஆபீசா, தாலுகாவா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. கிரயம் முடியிற நேரத்துல இப்படி வந்தா நான் என்ன செய்ய?"

நான் பழைய வரப்பு, மாட்டுப் பட்டி என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் முகம் இன்னும் கறுத்தது. பழங்காலத்து இடம் என்று யாராவது எழுதிவிட்டால் விற்பனை நின்றுபோகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செசிலி குறுக்கே வந்தாள்.

"அண்ணாச்சி, நான் சாத்தூர் ஞானம்மா சித்திக்கு அக்கா மக. எங்கம்மா இங்கன இருந்த கம்பெனியிலதான் வேல பாத்தாக. இங்கனதான் போனாக. எந்த எடம்னு பாக்க வந்தோம். வேற ஒண்ணுமில்ல."

அவர் ஸ்கூட்டரை அணைத்தார். சற்று நேரம் சோளத்தைப் பார்த்தார். "எங்கத்தா வாங்கயில வெறும் பொட்டல்மா. எங்கனயும் ஒரு செங்கல்கூட இல்ல. கேட்டிருந்தா அவுகளுக்கும் தெரிஞ்சிருக்காது." அத்தா என்றது அவருடைய அப்பாவை. பிறகு என்னைப் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்றார். அந்தக் கேள்வி வந்தால் அனுமதி கிடைத்தது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றது; பட்டம் நேராகக் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தது. மூன்று பேருமாக அதை எடுத்து முடிக்கையில் அவருடைய வெள்ளைச் சட்டை கிழிந்திருந்தது.

அடுத்த நாள் மழை. சாத்தூரில் சித்தி வீட்டில் சேவு கொறித்துக்கொண்டு, கிழிந்த பட்டத்துக்குத் தையல் போட்டோம். சித்திக்குக் காது மந்தம். கம்பெனி எந்தப் பக்கம் இருந்தது என்று செசிலி சத்தமாகக் கேட்டாள். "அணைக்குத் தெக்கால" என்று சொல்லிவிட்டு, சித்தி மறுபடியும் சேவுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்க விரும்பவில்லை என்று புரிந்தது.

மழைக்கு மறுநாள் சாயங்காலம் காற்றும் வெயிலும் சரியாக அமைந்தன. இந்த முறை ஊரில் யாரும் ஓடவில்லை. தார்ப்பாய்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்று பட்டத்தை ரசித்தாள். பீர் முகமது சொல்லி வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் செசிலி வீட்டு மேஜையில் கணினியைத் திறந்தேன். முதல் படத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டேன். இப்போதைய வரப்புகளைச் சட்டையே செய்யாமல், அவற்றைச் சாய்வாக வெட்டிக்கொண்டு, கரும்பச்சைக் கோடுகள் வரிசையாகக் கண்மாய்ப் பக்கம் ஓடின. பாண்டியர் காலமா, அதற்குப் பிந்தியதா என்று தோண்டாமல் சொல்ல முடியாது. ஆனால் யாரோ பங்கு பிரித்து உழுத நிலம். இங்கிலாந்தில் இதே கோடுகள் முனையில் வளைந்திருக்கும். எட்டு எருது பூட்டிய ஏரைத் திருப்ப அவ்வளவு இடம் வேண்டும். இங்கே நேராகப் போய் நேராக நின்றன. இரண்டு மாட்டை நின்ற இடத்திலேயே திருப்பிவிடலாம். கோடுகளின் தலைமாட்டில், மூலைகள் உருண்ட ஒரு பெரிய சதுரம். மாட்டுப் பட்டியேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த சந்தோஷம் அப்படியே திரும்பி வந்தது. செசிலியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

காகிதத்தில் கோடு இழுக்க உட்கார்ந்தேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. நம் காலத்துச் சமாசாரம் கண்ணில் பட்டால் முதலில் அதை அடித்துவிடுவோம். மோட்டார் ரூம், குழாய் போட்ட தடம் மாதிரியானவை. தெற்கு ஓரத்தில் சின்னச் சின்ன வெளுத்த சதுரங்கள் வரிசையாக, சம தூரத்தில் இருந்தன. பழையவை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. அடித்தேன். அவற்றுக்கு நடுவே ஒரு வட்டமான கரும்பச்சை. தூர்த்த கிணறு. அதையும் அடித்தேன்.

"ஏன்க்கா அதை அடிக்கிறீக?"

"அது சமீபத்துக் குப்பை. வேண்டாம்."

செசிலி என் கையிலிருந்த பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள். திரையில் அந்தச் சதுரங்களைத் தொட்டுத் தொட்டு விரலை நகர்த்தினாள். "பஸ்ல வரும்போது பாத்தீகள்ல. ரூமுக்கு ரூம் தள்ளித்தான் கட்டுவாக. ஒண்ணு வெடிச்சா அடுத்தது பிடிக்கக் கூடாதுன்னு. இது ஒரு ரூம். இது ஒண்ணு. இது ஒண்ணு." விரல் வட்டத்துக்கு வந்து நின்றது. "இங்கன ஒரு ரூம் இருக்கணும். இல்ல."

மற்ற அறைகளை இடித்தாலும் அஸ்திவாரக் கல் அடியில் தங்கி, பயிரை வெளுக்க வைத்திருக்கிறது. அந்த ஓர் அறைக்கு அஸ்திவாரமே மிஞ்சவில்லை. பள்ளம்தான் மிஞ்சியது. அதில் மண்ணைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அள்ளிப் போட்ட மண்ணில் ஈரம் நின்று, அங்கே மட்டும் சோளம் மற்றதைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. முப்பது வருடமாக இதைத்தான் படித்தேன். கிணறு என்று அடித்துவிட்டேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். "எம்புட்டுப் பச்சையா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். நான்தான் அழுதேன். அவள் எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தாள். அந்தப் பழைய சமையலறையில் பணி முடிந்து களைத்து வருகிறவள் அவள், காபி போட்டு வைக்கிறவள் நான். அது எப்போது மாறியது என்று தெரியவில்லை.

பீர் முகமதுக்குப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். பட்டியைப் பற்றி ஆய்வாளர்களுக்கு எழுதத்தான் போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். "எழுதுங்க, உங்க வேல அது" என்றார் விருப்பமில்லாமல். வட்டத்தைக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அந்த மூலையில மட்டும் வெளச்சல் நல்லா இருக்கேன்னு எங்கத்தா சொல்லுவாக" என்றார். பிறகு, "கிரயத்துக்கப்புறம் அது எங்கையில இல்லம்மா" என்று செசிலியிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவள் அதைக் கேட்க வரவில்லை.

கல்லறைத் திருநாளன்று பூசை முடிந்து நேராகக் காட்டுக்குப் போனோம். தலையணை உறை விரித்த மூலைகளிலிருந்து டேப் வைத்து அளந்தேன். பீர் முகமது வந்து, ஈரம் ஏறாதிருக்க மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பிலேயே நின்றுகொண்டார். அளந்து முடித்த இடத்தில் சோளம் மற்றதைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது. ஒரு குச்சியை ஊன்றி, "இங்கேதான் ஓரம் தொடங்குது" என்றேன்.

செசிலி செருப்பைக் கழற்றினாள். வாட்சைக் கழற்றி என் கையில் வைத்தாள். போனை வைத்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். ஒவ்வொன்றாக என் கையில் சேர்ந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மருந்து ரூமுக்குள்ள எதுவும் போட்டுட்டுப் போகக் கூடாதுக்கா. உரசுனாப் பொறி வரும்." கொண்டையில் கைவைத்து ஊசிகளை உருவினாள். நரை கலந்த முடி தோளில் விழுந்தது. "அம்மா வேலைக்குப் போகையில கொண்ட ஊசிய எடுத்து என் தலையில குத்திட்டுத்தான் போவாக. சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுவாக. அன்னைக்கும் குத்திட்டுப் போனாக."

ஊசிகளை என் கையில் வைக்கப் போனவள், கை நிறைந்திருந்ததைப் பார்த்தாள். என் கிராப்பில் அவை எங்கே நிற்கும் என்று தேடி, காதுக்கு மேலே இரண்டையும் குத்திவிட்டாள்.

மெழுகுவத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு சோளத்துக்குள் இறங்கினாள். நாலைந்து எட்டு போனபிறகுதான் பார்த்தேன், தீப்பெட்டி என் கையிலேயே மற்றவற்றோடு இருந்தது.

"செசிலி, தீப்பெட்டிய விட்டுட்டுப் போறியே."

அவள் திரும்பவில்லை. "தெரியும்க்கா" என்றாள். "அத உள்ள கொண்டு போகக் கூடாது. நீங்களே வச்சிருங்க, வந்துர்றேன்."